குளத்தங்கரையில் நிற்க ஆள் அனுப்பிய மகனுக்கு

குமரா,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். கோபம் தணியட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியக் காணோம், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டுதான் போகிறது. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ உன் நியாயத்தை நீச்சல் அணிப் பெற்றோர் குரூப்பில், அத்தனை வீட்டாரும் படிக்கும்படிப் போட்டாய். ஊர் பார்க்கப் பேசியவனுக்கு ஊர் பார்க்கத்தான் பதில் சொல்ல வேண்டும். அதே குரூப்பில்தான் இதையும் போடப்போகிறேன். மானம் போகிறதே என்று நினைப்பாய். போகட்டும். கொஞ்சம் போனால்தான் மிச்சமாவது தங்கும்.

நீ எழுதியதை மறுபடி ஒரு தடவை நீயே படித்துப் பார். "ஃபீஸ் கட்டித்தானே பிள்ளையை அனுப்பறோம், வாட்ச்மேன் வேலையும் நாங்களே பாக்கணுமா? எங்க ஸ்டாஃப் சைடுல ஒரு சின்ன கவனக்குறைவு, வார்ன் பண்ணியாச்சு. அதுக்குப் போய் ஒன்பது வயசுக் குழந்தையைப் போட்டியில நீந்தக் கூடாதுன்னா எந்த ஊர் நியாயம்?" இதன் கீழே ஒரு கை கூப்பும் படம் வேறு. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கரையில் ஒரு காலைப் பொழுது நிற்கத் துப்பில்லாத நீ, நிற்கச் சொன்னவர்கள் மேல் குறை சொல்கிறாய்.

நீச்சல் சொல்லித்தரும் மேடம் நம்மைச் சேர்த்துக்கொண்ட நாளில் நீயும் வந்திருந்தாய். ஊருக்கு வெளியே அந்தப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தின் படிக்கட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நின்று அந்தப் பெண் என்ன சொன்னாள்? "பிள்ளைய மட்டும் இந்த டீம்ல சேக்கறதில்லீங்க. வீட்டையே சேக்கறோம். வாரத்துக்கு ஒரு காலை, ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு பெரியவங்க சின்னப் பசங்க பக்கம் நிக்கணும். வீட்டு ஆளா இருக்கணும். போனு கூடையில. கண்ணு தண்ணி மேல." யாரோ ஒரு அப்பா, "நீங்க இருக்கீங்களே மேடம்" என்றார். அதற்கு அவள் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "நான் பெரிய பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சின்னப் பசங்களுக்கு முதுகு காட்டிக்கினு நிப்பேன். என் முதுகுல கண்ணு இல்ல. அந்தக் கண்ணுதான் நீங்க." எல்லோரும் தலையாட்டினோம். நீயும் ஆட்டினாய். பிறகு காரில் ஏறும்போது, "இந்தம்மா நீச்சல் கத்துக் குடுக்குதா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்குதா?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அந்தச் சட்டங்கள் எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தன. தலையில் எண்ணெய் வைத்துப் பிள்ளையை அனுப்பக் கூடாதாம். நம் வீட்டில் எண்ணெய் வைக்காமல் ஒரு பெண்பிள்ளை வாசல் தாண்டியதுண்டா? கொலுசு கூடாது, வளையல் கூடாது, அரைஞாண் கூடாது. பையைப் பிள்ளையேதான் தூக்க வேண்டும், தாத்தா தூக்கக் கூடாது. வயிறு முட்ட இட்லி ஊட்டிக் கூட்டிவரக் கூடாது. ஏன் என் பேத்தி கடைசி வரிசையில் நீந்துகிறாள் என்று கேட்கக் கூடாது. பிள்ளை நீந்தும்போது கரையிலிருந்து நாம் யோசனை சொல்லக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை நான் முதல் வாரமே மீறினேன். யாழினி பாதிக் குளத்தில் திணறுவதைப் பார்த்துப் பொறுக்காமல், "கைய நல்லா வீசுமா, கால அடி, கால அடி" என்று கத்தினேன். குழந்தை நடுத்தண்ணீரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது. மேடம் விசில் ஊதினாள். குழந்தைக்கு ஊதுகிறாள் என்று நினைத்தேன், எனக்குத்தான். "ஐயா, நீங்க கேட்டுக்கு வெளியில போய் உக்காருங்க. அடுத்த வாரம் உள்ள வாங்க." ஐம்பது வருஷம் கடையில் உட்கார்ந்து எல்லோரையும் அதிகாரம் செய்தவனை, பேத்தி வயதுப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வெளியே அனுப்பினாள். ஒரு வாரம் வேப்ப மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வாரம் யாழினி என்னைத் திரும்பிப் பார்க்காமல் அக்கரை வரைக்கும் நீந்தினாள் என்று மற்ற பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே வாய் திறந்ததில்லை.

அதன் பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான்தான் நின்றேன். மருமகள் விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள். அவளை யாரும் குறை சொல்ல முடியாது. விடுமுறை எடுக்க முடிந்த நாளிலெல்லாம் வந்து நின்றாள். உன்னை ஒரு நாளும் கேட்கவில்லை. கண்ணில் புரை எடுத்த வாரம்தான், வெயிலில் நிற்கக் கூடாது, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால்தான், உனக்குப் போன் செய்தேன். "இந்த வியாழன் மட்டும் நீ நில்லுபா." நீ என்ன சொன்னாய்? "சரிப்பா, நான் பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு." நான் கண்ணில் பச்சைத் துணியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நீ போகவில்லை. கடையாள் ஏழுமலையை அனுப்பினாய். வைகாசி முகூர்த்தம், பட்டுக் கடையில் கூட்டம், தெரியும். நம் தொழிலில் அது ஒரு பழக்கம், அதுவும் தெரியும். சீசனில் ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு நாம் போவதில்லை. கடை ஆளிடம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவன் போய், "ஐயா அனுப்பினாரு, கடையில கூட்டம்" என்று தட்டை நீட்டுவான். அவர்களும் வீட்டு ஆளே வந்த மாதிரி மாலை மரியாதையோடு சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். காஞ்சிபுரத்தில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டிலிருந்தும் நமக்கு அப்படித்தான் வருகிறது. நானும் உன் அம்மாவும் எத்தனையோ கல்யாணத்தை ஏழுமலை காலால்தான் நடந்து முடித்தோம். தட்டுக்கு அது போதும். தட்டு எங்கேயும் முழுகிப் போய்விடாது. நீ குளத்தையும் கல்யாண மண்டபம் என்று நினைத்தாய். ஒரு ஆள் போய் நின்றால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தாய்.

அதிலும் உன் சாமர்த்தியம் எனக்குக் குமட்டுகிறது. வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதனால் ஏழுமலையிடம், "மேடம் கேட்டா சித்தப்பான்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அவன் வேர்த்து விறுவிறுத்து அதைச் சொல்லியிருக்கிறான். யாழினி வேறு பிறந்ததிலிருந்து அவனைத் தெரிந்தவள், ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாளாம். மேடம் நம்பிவிட்டாள். போனை வாங்கிக் கூடையில் போட்டாள். கரையில் நிறுத்தி, எந்தப் பிள்ளைகள் அவன் பொறுப்பு என்று காட்டிவிட்டுப் போனாள். நின்ற வரைக்கும் ஒழுங்காக நின்றான் என்று மற்ற தாய்மார்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு சித்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய கல்யாணப் பார்ட்டி வந்தது. தெலுங்கு பேச ஏழுமலை வேண்டும். கூடையில் கிடந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நீ விடவில்லை. கேட் வாட்ச்மேன் நம்பரைத் தேடிப் பிடித்து அவன் போனில் ஏழுமலையைக் கூப்பிட்டாய். ஏழுமலை மறுநாள் என் வீட்டு வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் சொன்னேங்க ஐயா. பசங்க தண்ணியில இருக்குது தம்பி, மேடம் அந்தாண்ட கோடியில இருக்குறாங்க, அவங்க வந்ததும் சொல்லிட்டு வரேன்னு. தம்பி கேக்கல. சித்தூர் பார்ட்டி எழுந்து போச்சுன்னா நீயும் அப்பிடியே வீட்டுக்குப் போயிடுன்னாரு." ஏழுமலையும் தப்பு செய்யாதவன் இல்லை. ஒரு குரல் கொடுத்து மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம், பக்கத்தில் நின்ற ஒரு தாயிடம் சொல்லியிருக்கலாம். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அழுதான். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நீ அவனை "ஸ்டாஃப் கவனக்குறைவு" என்று ஊருக்கு எழுதுகிறாய். காலையில் சித்தப்பாவாக இருந்தவன் சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ஆகிவிட்டான்.

சின்னப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். தாரணிக்குக் கை நழுவியது. ஐயம்பேட்டைச் செல்வியின் மகள், ஆறு வயது, யாழினியின் தோள் உயரம்கூட இல்லை. கயிற்றுக்கு அடியில் நழுவி, தரை சரிந்து ஆழமாகும் இடத்துக்குப் போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. நீ கிண்டல் செய்தாயே, அந்த முதல் நாளே மேடம் அதையும் சொன்னாள்: முழுகுகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, விளையாடுகிற மாதிரியே இருக்கும், அதனால்தான் காதை நம்பாமல் கண்ணை நம்புகிறோம் என்று. அந்தக் கண் அப்போது உன் கடைக்குப் போகும் ஆட்டோவில் இருந்தது. மேடம் எதற்கோ திரும்பியவள், வழக்கம்போலத் தொப்பிகளை எண்ணியிருக்கிறாள், ஒன்று குறைந்தது. போட்டிருந்த உடையோடு பாய்ந்தாள். தூக்கிக் கரையில் போட்டபோது குழந்தை நீலம் பாரித்திருந்ததாம். பிறகு இருமியது, கக்கியது, அழுதது. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சே வந்ததாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குத் தாரணி நன்றாக இருக்கிறாள். இது உன் புண்ணியம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வை.

நான் பச்சைத் துணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் அம்மா வேண்டாம் என்று தடுத்தும் போனேன். செல்வியை நீ பார்த்திருக்க மாட்டாய். கணவனும் மனைவியுமாக ஒரே தறியில் உட்காருகிறவர்கள். அவள் எழுந்து வந்தால் அன்றைக்குத் தறி நின்றுவிடும். ஆனாலும் அவளுடைய முறை வரும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து முதல் ஆளாக வந்து நிற்பாள். கருட சேவை அன்றைக்கு ரோட்டை அடைத்துவிட்டார்கள் அல்லவா? அன்றைக்கும் ஆட்டோ விட்ட இடத்திலிருந்து கூட்டத்துக்குள் நடந்தே வந்து நின்றாள். அவள் பார்த்துக்கொண்ட பிள்ளைகளில் உன் மகளும் ஒருத்தி. அவள் என்னைப் பார்த்துச் சத்தம் போடுவாள், நாலு வார்த்தை திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. "என் பொண்ணு பொழைச்சிக்கிச்சு சார். அது போவட்டும். நான் நிக்கற அன்னிக்கு எல்லார் பிள்ளையையும் பாத்துக்கினு நிக்கறேன். என் பிள்ளைய பாத்துக்கினு இருக்கறேன்னு வந்தவங்க எங்க போனாங்க? அத மட்டும் சொல்லுங்க." வியாபாரத்துக்குப் போனார்கள் என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டு நாள் கழித்து நீ செய்த காரியம்தான் என்னை இந்தக் கடிதத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. நீ போகவில்லை. செல்வி வீட்டுக்கு மறுபடியும் ஏழுமலையைத்தான் அனுப்பினாய். கையில் கடைப் பெட்டி, பெட்டியில் பட்டுப் புடவை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனதுபோல, நெய்கிறவள் வீட்டுக்கு மன்னிப்புக்குப் பதிலாகப் பட்டு அனுப்பினாய். அதுவும் எந்த மனுஷன் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தானோ, அவனையே அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாய். செல்வி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "எடுத்துக்கினு போண்ணா. பொடவ நாங்க நெய்யறதுதான். அவர வரச் சொல்லு." அவள் கேட்டது அவ்வளவுதான், உன்னை வரச் சொல்லு என்று. நீ அன்று சாயங்காலம் குரூப்பில் கை கூப்பும் படம் போட்டாய்.

யாழினியைப் போட்டியில் நீந்தவிடாதது நியாயமா என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். கரையில் நிற்க வேண்டியவர் விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டுப் பிள்ளை அந்த வருஷப் போட்டியில் இறங்காது என்று முதல் நாளே சொன்னார்கள், அதற்கும் நீ தலையாட்டினாய். பிள்ளையைத் தண்டிக்கிறார்களே என்று எனக்கும் வயிறு எரிந்தது. வேலூர்ப் பிள்ளைகளோடு நீந்தப்போகிறோம் என்று தொப்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள். ஆனால் மேடத்திடம் இதைக் கேட்கப் போனபோது, அந்தப் பெண் கண் கலங்கித்தான் சொன்னாள். "பெரியவங்களுக்கு நான் என்ன தண்டன குடுக்க முடியும் ஐயா? ஃபைன் போட்டா கட்டிட்டுப் போயிடுவாங்க." உன்னைப் பற்றித்தான் சொன்னாள். அவள் சொன்னது சரி என்பதை நீயே மறுநாள் நிரூபித்தாய். குளத்துக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிறேன், பந்தல் போட்டுத் தருகிறேன் என்று அவளுக்குப் போன் செய்தாய். எல்லாவற்றையும் தருகிறாய் குமரா, உன்னை மட்டும் தர மாட்டேன் என்கிறாய்.

உன்னை நான் இப்படி வளர்க்கவில்லை என்று எழுதப் போவதில்லை. எல்லா அப்பனும் எழுதுவது அது. மாகறலில் உன் மாமா கிணற்றில் உனக்கு நீச்சல் பழக்கிய கதை மட்டும் சொல்கிறேன். பாசி பிடித்த கிணறு, தவளை வேறு, நீ ஊரைக் கூட்டி அழுதாய். உன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து ஆள் வந்து, பெங்களூர் வியாபாரி காத்திருக்கிறார் என்றான். காத்திருக்கட்டும் என்றேன். அவர் காத்திருக்கவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார். பிறகு அவர் நம் கடைப் படி ஏறவே இல்லை. உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருஷம் என்னைக் குத்தினாள். அந்தக் கயிற்றை அவிழ்த்து யார் இடுப்பில் கட்டிவிட்டுப் போயிருப்பேன்? அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எந்த அப்பனுக்கும் தெரிந்ததுதான் அது. உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். திட்டிவிட்டேன், மனசு கொஞ்சம் ஆறிவிட்டது என்று படுத்திருப்பேன். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது உன்னைத் திட்டுவதற்கு மட்டும் இல்லை. நேற்று ஒன்று தெரிந்துகொண்டேன். அது உனக்குத் தெரியாது, மருமகளுக்கும் நேற்றுதான் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து யாழினி சரியாகச் சாப்பிடவில்லை. பயந்திருக்கிறாள், போட்டி போன வருத்தமும் இருக்கும் என்று நினைத்தோம். தாரணியைப் பார்க்கப் போகலாம் வா என்று நேற்றுக் கூப்பிட்டேன். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே நின்று கெஞ்சினேன். நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்தே கேட்டாள். "தாத்தா, அந்தப் பாப்பா செத்துப் போயிருந்தா என்னை போலீஸ் புடிச்சிக்கினு போயிருக்குமா?" உன்னை ஏன்மா பிடிக்கும் என்று கேட்டேன். "மாமா என்கிட்டதான சொல்லிட்டுப் போனாரு."

உன் போன் வந்து ஓடுகிற அவசரத்தில், ஏழுமலை தண்ணீரிலிருந்த யாழினியைப் பார்த்து, "தோ வந்துடறேன் பாப்பா, கொஞ்சம் பாத்துக்கோமா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்கும்போது பக்கத்து ஆளிடம் சொல்வோமே, அதேபோல வாய்ப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது நினைவுகூட இல்லை. இவளுக்கு நினைவிருக்கிறது. பாத்துக்கோ என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தெரிந்த வயது. சரி மாமா என்று சொல்லியிருக்கிறாள். பிறகு, மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தபடி, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கால் அடித்திருக்கிறாள். "நான் திரும்பிக்கினேன் தாத்தா. நான் பாக்காம திரும்பிக்கினேன்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நீ ஏழுமலை தலையில் கட்டினாய், ஏழுமலை தெரியாமல் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். இரண்டு பெரிய ஆண்கள் சேர்ந்து இறக்கி வைத்ததை ஒன்பது வயதுக் குழந்தை ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறது. போட்டியில் நீந்தக் கூடாது என்று மேடம் சொன்னபோது ஏன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அது தனக்குச் சரியான தண்டனை என்று அவள் நினைத்திருக்கிறாள்.

உன்மேல் தப்பு இல்லை கண்ணு என்று நான் நூறு தடவை சொன்னேன். மருமகள் மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை. "அப்பா குரூப்புல மாமாதான் தப்புன்னு போட்டாரே. மாமா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு" என்கிறாள். உன் எழுத்தை அவள் படித்திருக்கிறாள். நீ பழியை ஒரு படி கீழே தள்ளினாய். அங்கிருந்து அடுத்த படியில் யார் இருக்கிறார்கள் என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

குரூப்பில் இதைப் படிக்கிற மற்ற வீட்டாருக்கு ஒரு வார்த்தை. யாழினியை எங்கேயாவது பார்த்தால் இதைப் பற்றி அவளிடம் பேசிவிடாதீர்கள், சமாதானம்கூடச் சொல்லாதீர்கள். நம் யார் வாயிலிருந்து வந்தாலும் அது வெறும் ஆறுதலாகத்தான் போகும். தப்பு யாருடையது என்று அவள் அப்பன்தான் சொல்ல வேண்டும்.

குமரா, தெருவில் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பக்கெட்டில் கைவிட்டுத் தண்ணீர் அளைந்துகொண்டிருக்கிறது. அதன் அம்மா உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். யாழினி நம் வாசற்படியில் நின்று, கண்ணை எடுக்காமல் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சோறு ஆறுகிறது, உள்ளே வாம்மா என்று உன் அம்மா கூப்பிட்டாயிற்று, நானும் கூப்பிட்டாயிற்று. "யாராவது பெரியவங்க வந்ததும் வரேன் தாத்தா" என்கிறாள். கடையை விட்டுவிட்டு இப்போதே கிளம்பி வா.

அப்பா